தேசிய நகர்ப்புறக் கொள்கையும் நெல்லையின் எல்லைக் கோடுகளும்

பாளையங்கோட்டைக்கு வெளியே, நாற்கரச் சாலைப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். தேசிய நகர்ப்புறக் கொள்கை என்று பாடத்தில் படிக்கிறோமே, நம் நாட்டில் அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா? இருந்தால் இடம்சார் திட்டமிடலிலும் (எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்வதிலும்) ஊர் நிர்வாகத்திலும் அதற்கு என்ன வேலை? கிராம ஊராட்சி எல்லைக்குள் மனை வைத்திருக்கும் எங்களுக்கு அதனால் ஏதாவது ஆகுமா? திட்ட வரைபடங்களோடு பல காலம் புழங்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிற சட்டமாக அப்படி ஒரு கொள்கை இந்தியாவில் கிடையாது. 2018ல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் ஒரு வரைவுச் சட்டகத்தை வெளியிட்டது. அதில் பத்து சூத்திரங்கள் இருந்தன. நகரத் திட்டமிடல், பொருளாதாரம், வீட்டுவசதி, போக்குவரத்து, நிதி, நிர்வாகம், சூழல் என்று பத்துத் துறைகளுக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்து, மாநிலங்கள் தங்கள் தங்கள் கொள்கையை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மத்திய அரசால் அதற்கு மேல் போவதும் கஷ்டம். நிலமும் உள்ளாட்சியும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன.

இப்படி ஒரு கொள்கை எதற்கு என்ற கேள்வி உலக அளவிலும் இருக்கிறது. 2016 அக்டோபரில் கீட்டோ நகரில் நடந்த ஐ.நா. மாநாடு ஏற்றுக்கொண்ட புதிய நகர்ப்புற நிகழ்ச்சி நிரல், ஒவ்வொரு நாட்டுக்கும் இது வேண்டும் என்று வலியுறுத்தியது. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பதினொன்றாவது, நகரம், நகர ஓரம், கிராமம் மூன்றுக்கும் இடையிலான தொடர்பை தேசிய, மண்டலத் திட்டமிடலால் வலுப்படுத்தச் சொல்கிறது. அந்த 'நகர ஓரம்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனை இருப்பது அங்கேதான்.

நம் நாட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. முழுமைத் திட்டம், அதாவது ஓர் ஊருக்கான மாஸ்டர் பிளான், தயாரிக்க மாநிலங்களுக்கு மத்தியப் பணம் வர ஆரம்பித்தது மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், அதாவது 1961க்குப் பிறகு. சிறு, நடுத்தர நகரங்களுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் 1979ல் வந்தது. 1985ல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் தேசிய நகர்மயமாதல் ஆணையம் அமைந்தது. 1988ல் அறிக்கை தந்தார்கள். பெருநகரங்களையே ஊதிப் பெருக்காமல், பொருளாதாரத்தைத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய 329 ஊர்களைத் தேர்ந்து முதலீட்டை அங்கே திருப்புங்கள் என்பது அதன் முக்கியமான யோசனை. நெல்லை மாதிரி ஊர்களின் பக்கம் நின்று தேசிய அளவில் யோசித்தவர்கள் என்று அவர்களைத்தான் சொல்வேன். அந்த யோசனையைக் கையில் எடுத்து நடத்த யாரும் வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சரி, ஆவணம் இல்லையென்றால் கொள்கையே இல்லையா? இருக்கிறது. அது பணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனைகளில் இருக்கிறது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகரப் புனரமைப்புத் திட்டம், 2015 ஜூன் 25 அன்று ஒரே நாளில் தொடங்கிய அம்ருத் (குடிநீர், சாக்கடை வசதிக்கானது), ஸ்மார்ட் சிட்டி, பிரதமர் வீட்டு வசதித் திட்டம், அப்புறம் மத்திய வரிப் பணத்தைப் பங்கிடச் சொல்லும் நிதி ஆணையத்தின் மானியங்கள். இந்த நிபந்தனைகளைச் சேர்த்துப் படித்தால் வருவதுதான் நம் நடைமுறை தேசியக் கொள்கை. நேரு திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை மூன்றும் முதல் வரிசையில் இருந்தன. நெல்லை சிறு, நடுத்தர நகரங்களின் வரிசையில் நின்றது. அம்ருத் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் 500 நகரங்களுக்கு என்று வந்தபோது உள்ளே வந்தோம். 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இந்த நிபந்தனைகள் ஒரு வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடும். 15வது நிதி ஆணையம், நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் வாங்க வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்கு வசூலும் உயர வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்காரர் கையில் வாங்கிய வரிச் சீட்டில் டெல்லியில் எழுதிய ஒரு வரி இருந்தது என்று அர்த்தம். சொத்து வரி ஒழுங்காக வசூலாகாத உள்ளாட்சி மன்றம் யாரிடமும் தலைநிமிர்ந்து பேச முடியாது, ஆகவே அந்த நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். பணம் 'நகரம்' என்றும் 'கிராமம்' என்றும் இரண்டு குழாய்களில் வருகிறது. அதனால் எந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்பதை வைத்தே ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பது முடிவாகிறது. குடிநீரையே பாருங்கள். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வைத்திருக்கும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். மாநகராட்சி எல்லை ஒரு தெருவின் நடுவில் ஓடினால், எதிரெதிர் வீடுகளுக்கு அரசின் கணக்கில் இரண்டு விதமான தாகம். கக்கூஸ் கழிவுக்கு ஒரு பக்கம் பாதாளச் சாக்கடை, மறுபக்கம் செப்டிக் டேங்க் லாரி.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2004ல் 561 பேரூராட்சிகளை ஒரே வீச்சில் 'சிறப்பு கிராம ஊராட்சிகள்' என்று மாற்றினார்கள். ஊரகத் திட்டப் பணம் கிடைக்கும் என்பதே முக்கியக் காரணம். 2006ல் திரும்பவும் பேரூராட்சிகளாக ஆக்கினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களில் ஒரு தெருவும் நகர்ந்துவிடவில்லை, ஒரு தறியோ கடையோ வயலாக மாறிவிடவில்லை. பணம் வரும் குழாய்க்குத் தகுந்தபடி ஊரின் பெயர்ப்பலகை மாறியது. அண்மைக் காலத்தில் ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வந்தாலே மக்கள் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவதும் இதே காரணத்தால்தான். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். நெல்லையைப் பொறுத்தவரை நான் நான்கு கோடுகளைப் பார்க்கிறேன். முதலாவது மாநகராட்சி எல்லை. 1994 ஜூன் 1 அன்று திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து உண்டாக்கியது. 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள், 2011 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சத்து 74 ஆயிரம் பேர். இரண்டாவது, உள்ளூர் திட்டக் குழுமத்தின் திட்டப் பகுதி. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டமும் மனைப் பிரிவு அனுமதியும் இந்த வழியாக நடக்கிறது. மூன்றாவது, மக்கள் உண்மையில் வாழ்ந்து, வேலைக்குப் போய்வருகிற ஊர். கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, தச்சநல்லூரில் வாடகை வீடு, பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், டவுனில் நகைக்கடை, ஐகிரவுண்டில் ஆஸ்பத்திரி. தாழையூத்தையும் சங்கர் நகரையும் நாரணம்மாள்புரத்தையும் யாரும் வெளியூர் என்று நினைப்பதில்லை. ஆனால் மாநகராட்சி எல்லை அவற்றை வெளியே வைத்துத்தான் வளர்ந்தது. நான்காவது கோடு எந்த அலுவலகத்திலும் தொங்காதது, தண்ணீர் போகிற கோடு.

இந்த நான்காவது கோட்டைத்தான் நான் அதிகம் பேசுவேன். தாமிரபரணியின் அணைக்கட்டுகளும் கால்களும் (கால்வாய்களும்) சேர்ந்து சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் ஏற்பாடு. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுனுக்குள் வந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் தருகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் ஓடிய கால்கள் இவை. ஒவ்வொரு காலிலிருந்தும் மடை, மடையிலிருந்து வாய்க்கால், வயலைத் தாண்டியதும் வடிகால், அது அடுத்த குளத்துக்கு. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் நிறையும்.

இப்போது அந்த ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், ஒரு பகுதி மனையாகும்போது என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். பத்து ஏக்கர் நஞ்சை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வருஷம் தரிசாகக் கிடக்கும். அப்புறம் செம்மண் அடித்து இரண்டு அடி உயர்த்துவார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நடுவார்கள், முகப்பில் ஒரு வளைவு வரும். மனைப் பிரிவு வரைபடத்தில் சாலை இருக்கும், பத்து சதவீதப் பொதுத் திறவிடம் (திறந்தவெளி) இருக்கும், கடைக்கு இடம் இருக்கும். நடுவில் ஓடிய வாய்க்கால், பட்டா நிலத்தில் விவசாயிகள் தாங்களே வெட்டிக்கொண்டதாக இருந்தால், வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் இருக்கவே இருக்காது. அரசுப் புறம்போக்காக இருந்தால் வரைபடத்தில் கோடு இருக்கும், தரையில் இரண்டடி சிமென்ட் குழாயாகிப் போயிருக்கும். அந்தப் பத்து ஏக்கருக்குப் பக்கத்தில், தண்ணீர் வடியும் பள்ளத்துப் பக்கம் உள்ள வயல்காரர் வடிகால் அடைத்துக்கொண்டது என்று மனு கொடுப்பார். பொதுப்பணித் துறைக்குப் போ என்பார்கள், ஊராட்சிக்குப் போ என்பார்கள், தாசில்தாரிடம் போ என்பார்கள். விதிப்படி பார்த்தால் அனுமதி சரிதான். அனுமதி கொடுத்தவருக்கு முன்னால் இருந்தது அந்தப் பத்து ஏக்கர். தண்ணீர் போகும் முழுப் பாதையும் அவர் மேசைக்கு வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது எல்லோருக்கும் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி, நெல்லை சந்திப்பும் கைலாசபுரமும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. கீழே ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மாட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த ஊரும் தத்தளிக்கும், முழுப் பழியையும் மனைப் பிரிவுகள் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் ஆற்றில் வெள்ளம் இறங்கிய பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்ற தெருக்களை எண்ணிப் பாருங்கள். ஆறு இறங்கிவிட்டது, வடிகால் இல்லை. வேய்ந்தான்குளத்தை ஒட்டிய புதிய பேருந்து நிலையப் பக்கம் சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் கட்டுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, அந்தப் பெயரிலேயே குளம் இருக்கிறது.

இடம்சார் திட்டமிடல் என்றால் இதுதான். எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் தொழிற்சாலை, எது வயலாகவே இருக்க வேண்டும், தண்ணீருக்கு வழி எது, பஸ்ஸுக்கு வழி எது என்பதை இருபது ஆண்டுக்கு முன்கூட்டியே வரைபடத்தில் வைத்து, அதன்படி நடப்பது. இந்தியாவில் இந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் ஒரு அறிக்கை தந்தது. நகரக் குடியிருப்புகள் 7,933ல் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை. மாநிலத் திட்டமிடல் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்களில் 42 சதவீதம் காலி. ஆளே இல்லாமல் கொள்கை மட்டும் எழுதி என்ன செய்ய?

திட்டமும் அனுமதியும் பின்னால் வர, பத்திரப் பதிவு முன்னால் ஓடியதன் விளைவைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பு ஊராட்சித் தலைவர் கையெழுத்தே போதும் என்று சொல்லி விற்றார்கள். அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, கட்டணம் கட்டி மனையை ஒழுங்காக்கிக்கொள்ளலாம் என்று. வாங்கிய ஏழை பாழைகளுக்கு அது தேவைதான். ஆனால் கட்டணம் கட்டியதால் ஓர் அடி சாலை அகலமாகிவிடவில்லை, மூடிய வாய்க்கால் திறந்துவிடவும் இல்லை.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம்தான் நம்மிடம் இருக்கும் உறுதியான தேசியக் கொள்கை, மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் என்பது என் கருத்து. அதன் 12வது அட்டவணையில் நகராட்சிகளுக்கான 18 பொறுப்புகளில் முதலாவது நகரத் திட்டமிடல், இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடத்தையும் ஒழுங்குபடுத்துவது. நடைமுறையில் தமிழ்நாட்டில் திட்டமிடல் மாநிலத் துறையின் கையிலும், அதன் கீழுள்ள திட்டக் குழுமத்திடமும் இருக்கிறது. மாமன்றத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் தெருவிளக்கைப் பற்றிப் பேசலாம், முழுமைத் திட்டத்தில் அவர் குரலுக்கு எடை குறைவு.

குரல் இருக்கவே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. நெல்லை ஸ்மார்ட் சிட்டிக்குத் தேர்வானது அந்த இடைவெளியில்தான். கம்பெனிகள் சட்டப்படி தனி நிறுவனம் அமைத்து, மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்துக்கொள்வது அந்தத் திட்டத்தின் நிபந்தனை. மாநகராட்சிக்குப் பாதிப் பங்கு, அந்தப் பங்கைக் கேள்வி கேட்க மாமன்றம் இல்லை! சந்திப்பில் பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஜனங்கள் வெயிலில் ரோட்டோரம் நின்றார்களே, அன்று கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினரும் கிடையாது. இப்படி நடந்தது ஊருக்கு இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன். திட்டமே 2025 மார்ச் 31ல் முடிந்துபோனது. கட்டியவை நிற்கின்றன, ஆனால் ஊர் மொத்தத்துக்குமான திட்டம் அதன் வழியாகப் பிறக்கவில்லை. பிறக்கவும் முடியாது, பணத்தின் பெரும்பகுதியை எல்லைக்குள் ஒரு குறிப்பிட்ட பகுதியில் செலவழிக்கும்படி அமைத்த திட்டம் அது.

அப்படியானால் நான்கு கோடுகளையும் ஒரே மேசையில் யார் வைப்பது? பதில் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம். பிரிவு 243 இசட்.டி. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைச் சேர்த்து, மாவட்டத்துக்கு ஒரே வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும். அதில் இரு தரப்புக்கும் பொதுவான விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, இடம்சார் திட்டமிடல், தண்ணீர் முதலிய இயற்கை வளங்களைப் பகிர்வது, உள்கட்டமைப்பை ஒருங்கிணைப்பது, சூழலைக் காப்பது என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டும். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்ட பெருநகரத்துக்கு அடுத்த பிரிவில் தனிக் குழு உண்டு. நெல்லை அந்த அளவை எட்டாததால் நமக்கு மாவட்டக் குழுதான் ஒரே வழி. இந்தக் குழு பெயருக்குக் கூடி, துறைகள் அனுப்பிய பட்டியல்களைத் தைத்து அனுப்புவதோடு நிற்பதால்தான் உங்கள் மனைக்குப் பக்கத்து வாய்க்கால் அநாதையாகக் கிடக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டாம். மாவட்டமே ஆற்றைவிடச் சின்னது. 1986ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாறு வருவது தென்காசியிலிருந்து, இரண்டும் சேர்ந்து போவது தூத்துக்குடிக்கு. நெல்லைக்காரர் திறந்துவிடும் சாக்கடையைத்தான் கீழே உள்ளவர்கள் குடிநீராக எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மண்டலத் திட்டம் என்ற வழி 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து, ஆற்றுப் படுகையை அடிப்படையாக வைத்து ஒரே மண்டலத் திட்டம் போட்டு, அதற்கு உட்பட்டுத்தான் ஒவ்வொரு ஊரின் முழுமைத் திட்டமும் இருக்க வேண்டும் என்று ஆக்கினால், தேசியக் கொள்கைக்கு இங்கே ஒரு உருவம் கிடைக்கும். மத்திய அரசு செய்ய வேண்டியது, இன்னொரு மிஷன் அறிவிப்பதைவிட, மானியத்தை இந்த ஒரு நிபந்தனையோடு கட்டுவது. நகரக் குழாய், கிராமக் குழாய் என்ற பேதத்தை நகர ஓரத்து ஊராட்சிகளுக்காவது எடுத்துவிட வேண்டும். ஊரக வேலைத் திட்டம் இருக்கட்டும், வரி மெதுவாக ஏறட்டும், குடிநீரும் வடிகாலும் மாநகராட்சித் தரத்தில் வரட்டும் என்று ஐந்து பத்து ஆண்டு அவகாசம் கொடுத்தால் இணைப்புக்கு எதிரான மனுக்கள் பாதியாகும்.

கடைசியாக, உங்கள் மூன்றாவது கேள்வி. உங்கள் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்துக்குப் போய், அது திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா, நில உபயோகம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் புல வரைபடத்தோடு பக்கத்து நான்கு சர்வே எண்களையும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான நில விவரம் இருக்கும் 'ஏ' பதிவேட்டையும் பாருங்கள், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே என்று தெரியும். புதிய முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் யோசனையும் சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டப்படி அவகாசம் தந்தாக வேண்டும். பெரும்பாலும் மனை வியாபாரிகள் மட்டும் அந்த நாட்களில் மனு கொடுக்கிறார்கள். நீங்கள் வசிப்பதும் அந்த ஊராட்சியில்தான் என்றால் கிராம சபை உங்களுக்கு உண்டு. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன, மாநகராட்சிக்குள் இருக்கும் உங்கள் உறவினர்களை அதற்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு சபையிலும் ஒரே தீர்மானத்தை வையுங்கள்: எங்கள் பக்கத்துக் கால், வாய்க்கால், வடிகால், குளம் எல்லாவற்றையும் அளந்து முழுமைத் திட்ட வரைபடத்தில் சேர்க்க வேண்டும், அதை மாவட்டத் திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்க வேண்டும். தீர்மானத்தின் நகலை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.